கலப்புக் காடுகளில் இயற்கை மீளுருவாக்கத்தை மதிப்பிடும் முறை

பல இனங்களும் பல வயதுகளும் கலந்து நிற்கும் ஒரு காட்டில், முதிர்ந்த மரங்களை மட்டும் தேர்ந்து வெட்டிக்கொண்டே காட்டைக் காடாக வைத்திருக்க வேண்டுமானால், வெட்டப்படும் ஒவ்வொரு மரத்தின் இடத்துக்கும் கீழிருந்து ஒன்று ஏறி வர வேண்டும். யாரும் நடாமல், விழுந்த விதையிலிருந்தோ வெட்டிய கட்டையின் துளிரிலிருந்தோ வேரிலிருந்து கிளம்பும் கன்றிலிருந்தோ அந்த மரம் தானாக வருவதையே இயற்கை மீளுருவாக்கம் என்கிறோம். அது நடக்கிறதா, எந்த இனத்துக்கு நடக்கிறது, நடக்காத இனத்துக்கு எந்தக் கட்டத்தில் தடைபடுகிறது என்பதைக் கள அளவீட்டின் மூலம் கண்டறியும் வழி இங்கே விளக்கப்படுகிறது.

மதிப்பீட்டு அறிக்கைகளில் ‘ஹெக்டேருக்கு இத்தனை ஆயிரம் கன்றுகள்’ என்ற எண்தான் பெரும்பாலும் முதல் பக்கத்தில் இருக்கும். காட்டின் எதிர்காலத்தைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்லும் எண்ணும் அதுதான் என்பது என் கருத்து. மரங்கள் மிகுதியாக விதை தரும் நல்ல விதை ஆண்டுக்கு அடுத்த பருவத்தில் பீச் (beech) மரக் காட்டின் தரை முழுவதும் முளைகள் விரிந்து நிற்கும். சில ஆண்டுகள் கழித்துப் போனால் அவற்றில் பெரும்பகுதி இருக்காது. ஆகவே முளைத்தது எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடாமல், முழங்கால் உயரத்திலிருந்து மார்பு உயரத்துக்கும், மார்பு உயரத்திலிருந்து கழி அளவுக்குத் தடித்த இளமரமாகும் கழிமரப் பருவத்துக்கும் எத்தனை கன்றுகள் கடந்து செல்கின்றன என்பதை இனவாரியாகப் பார்க்கும் வகையில் மதிப்பீட்டை முதலிலிருந்தே அமைத்துக்கொள்ள வேண்டும். பின்வரும் முறைகள் எல்லாம் இந்த ஒரு நோக்கத்துக்காகவே.

புறப்படும் முன்

காட்டு வரைபடத்தை எடுத்து, கடைசியாக எந்தப் பகுதியில் எந்த ஆண்டு வெட்டு நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டி 2 ஆண்டுகளே ஆன பகுதியையும் 15 ஆண்டுகள் ஆன பகுதியையும் ஒரே கணக்கில் போட்டால், இரண்டுக்கும் பொருந்தாத ஒரு சராசரிதான் கிடைக்கும். வெட்டு வரலாறு, சரிவின் திசை, மண்ணின் ஈரம் ஆகியவற்றைக் கொண்டு காட்டை மூன்று நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொள்வது போதும். அதற்கு மேல் பிரித்தால் ஒவ்வொரு பகுதிக்கும் கிடைக்கும் மாதிரிகள் மிகக் குறைந்துவிடும்.

அடுத்ததாக, காட்டில் உள்ள முக்கிய இனங்களின் விதைப் பழக்கத்தை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் போனவர்கள், இல்லாததை இல்லை என்று மட்டும் பதிவு செய்துவிட்டு, ஏன் இல்லை என்று தெரியாமல் திரும்பி வருவார்கள். தென்கிழக்கு ஆசியாவின் டிப்டெரோகார்ப் குடும்ப மரங்கள் ஒழுங்கற்ற இடைவெளியில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, கூட்டமாகப் பூத்துக் காய்க்கின்றன. அவற்றின் விதைக்கு உறக்க நிலை இல்லாததால் விழுந்த சில நாட்களிலேயே முளைத்துவிடும், அல்லது செத்துவிடும். அதே குடும்பத்தைச் சேர்ந்த சால் மரத்தின் விதை ஒரு வாரம், பத்து நாளுக்கு மேல் உயிர்ப்புடன் இருப்பதில்லை. இத்தகைய இனங்களுக்கு மண்ணுக்குள் விதைச் சேமிப்பு கிடையாது. தரையில் நிழலில் காத்திருக்கும் சிறுகன்றுகள்தான் சேமிப்பு. மாறாக, வெளிச்சம் விரும்பும் முன்னோடி மரங்கள் பலவற்றின் சிறு விதைகள் மண்ணுக்குள் நெடுநாள் கிடந்து, விதானம், அதாவது பெருமரங்களின் தலைகள் சேர்ந்து அமைக்கும் கூரை, திறந்தவுடன் முளைக்கும். முதல் வகையில் கன்று இல்லாதது கவலைக்குரிய செய்தி. இரண்டாம் வகையில் மூடிய விதானத்தின் கீழ் கன்று இல்லாதது இயல்பு.

எந்தப் பருவத்தில் அளப்பது என்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். மழைக்காலம் முடிந்த கையோடு எண்ணினால், அடுத்த வறட்சியில் சாகப்போகும் முளைகளும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறைதான் போக முடியும் என்றால், கன்றுக்குக் கடினமான காலம் எதுவோ, அது முடியும் தறுவாயில் போவது நல்லது. வறட்சியோ குளிரோ, அதைத் தாண்டியவையே எண்ணத்தக்கவை. ஆனால் இலையுதிர் மரங்களை இலையில்லாமல் அடையாளம் காணும் அளவுக்குக் குழுவினருக்கு மொட்டும் பட்டையும் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால், இலை உதிரும் முன் போய்விடலாம். எப்போது போனாலும், அடுத்த முறையும் அதே மாதத்தில் போக வேண்டும்.

உயர வகுப்புகளும் மாதிரி வட்டங்களும்

கன்றுகளை நான்கு வகுப்புகளாகப் பிரிப்பது பெரும்பாலான காடுகளுக்குப் போதுமானது. 10 முதல் 50 செ.மீ. வரை சிறுகன்று, 50 முதல் 130 செ.மீ. வரை நடுக்கன்று; 130 செ.மீ.க்கு மேல் உயர்ந்து, மார்புயர விட்டம் (மார்பு உயரத்தில் தண்டின் விட்டம்) 5 செ.மீ.யை எட்டாதது பெருங்கன்று. 5 முதல் 12 செ.மீ. விட்டம் வரை கழிமரம். 10 செ.மீ.க்கும் குறைந்த, வித்திலை இன்னும் ஒட்டியிருக்கும் முளைகளை எண்ண வேண்டாம். எந்த இனம் முளைத்திருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதும். இந்த எல்லைகளை உங்கள் காட்டுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒருமுறை வைத்த எல்லையைப் பிறகு மாற்றினால் பழைய தரவுகள் பயனற்றுப்போகும்.

சிறியவை அதிகமாகவும் பெரியவை அரிதாகவும் இருப்பதால், எல்லாவற்றையும் ஒரே அளவுள்ள பரப்பில் எண்ணுவது வீண் உழைப்பு. ஒரே மையத்தைச் சுற்றி மூன்று வட்டங்கள் போடுங்கள். 1.13 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 4 சதுர மீட்டர், அதில் சிறுகன்றுகள். 2.52 மீட்டர் ஆரம் 20 சதுர மீட்டர் தரும்; அதில் நடுக்கன்றுகள். 5.64 மீட்டர் ஆரம் 100 சதுர மீட்டர் தரும். அதில் பெருங்கன்றுகளும் கழிமரங்களும். ஹெக்டேர் கணக்குக்கு மாற்ற முறையே 2500, 500, 100 ஆகிய எண்களால் பெருக்க வேண்டும். கருவி என்று பெரிதாக எதுவும் தேவையில்லை: நடுவில் ஊன்ற ஒரு கோல், அதில் கட்டி, மூன்று தூரங்களிலும் முடிச்சுப் போட்ட, இழுத்தால் நீளாத ஒரு கயிறு. நைலான் கயிறு ஈரத்திலும் இழுப்பிலும் நீளும் என்பதால் காலையும் மாலையும் அளவு நாடாவோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிவான நிலத்தில் கயிற்றைத் தரையோடு இழுத்துச் சுற்றினால், கிடைமட்டமாகப் பார்க்கும்போது பரப்பு குறைந்துவிடும். ஆரத்தைச் சரிவுக் கோணத்தின் கொசைனின் வர்க்கமூலத்தால் வகுத்தால் இது சரியாகும். 30 பாகைச் சரிவில் 1.13 என்பது 1.21 ஆகவும், 2.52 என்பது 2.71 ஆகவும், 5.64 என்பது 6.06 ஆகவும் மாறும். 10 பாகைக்குக் குறைந்த சரிவுக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை.

வட்டங்களின் இடத்தை வரைபடத்தில் கட்டங்கள் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். 100 மீட்டருக்கு 100 மீட்டர் கட்டம் போட்டால் ஹெக்டேருக்கு ஒரு வட்டம் அமையும். தொடக்கப் புள்ளி மட்டும் குலுக்கலில் வரட்டும். ஜிபிஎஸ் காட்டும் புள்ளியை நெருங்கியதும், கடைசிப் பத்து மீட்டரை எண்ணி நடந்து, எண் முடியும் இடத்தில் கோலை ஊன்றிவிடுங்கள். கடைசி அடியில்தான் கண் ஏமாற்றும். நான் இந்த வேலைக்குப் புதியவனாக இருந்தபோது, முள்புதருக்குள் விழுந்த புள்ளிகளை இரண்டடி மூன்றடி தள்ளி வைத்துக்கொண்டேன். உள்ளே நுழைய முடியாது என்பதுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம். அந்தக் காட்டின் மீளுருவாக்கம் என் தாளில் மிக நன்றாக இருந்தது. புதர் மூடிய இடங்களில் கன்றே இல்லை என்ற உண்மை என் நகர்த்தலால் மறைந்துபோனது. புள்ளி புதரிலோ பாறையிலோ மரம் இழுத்த தடத்திலோ விழுந்தாலும் அங்கேயே அளந்து, காரணத்தைக் குறித்து, சுழியம் வந்தால் சுழியம் என்றே எழுத வேண்டும்.

எல்லைக் கோட்டில் நிற்கும் கன்றுக்கு ஒரே விதி: தண்டு தரையைத் தொடும் இடத்தின் நடுப்பகுதி வட்டத்துக்குள் இருந்தால் உள்ளே, இல்லையேல் வெளியே. ஒரே அடியிலிருந்து கிளம்பும் பல துளிர்களை ஒன்றாக எண்ணி, துளிர் என்று தனியாகக் குறிக்க வேண்டும். துளிர்கள் விதைக்கன்றுகளைவிட வேகமாக உயர்வதால், இரண்டையும் கலந்தால் விதையிலிருந்து வருவது நின்றுபோன இனம்கூட நலமாக இருப்பதுபோல் தோன்றும்.

இனம் அறிவது இந்த வேலையில் பலரும் குறைத்து மதிப்பிடும் பகுதி. கன்றின் இலை தாய்மரத்தின் இலையைப் போல இருக்க வேண்டும் என்பதில்லை. முதிர்ந்த பலாவின் இலை மடலற்றது. அதன் இளங்கன்றிலோ மடல் பிரிந்த இலைகளைக் காணலாம். பார்த்தறியாத ஒருவர் அதை வேறு மரம் என்றே எழுதிவிடுவார். தெரியாததை ஊகித்து எழுதாமல் ‘தெரியாதது 1’ என்று பெயரிட்டு, வட்டத்துக்கு வெளியிலுள்ள அதே வகைக் கன்றிலிருந்து ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி எடுத்து வாருங்கள்.

ஒரு கன்றைப் படிப்பது

எண்ணிக்கை முடிந்ததும், ஒவ்வொரு வட்டத்திலும் ஒவ்வொரு இனத்திலும் மிக உயரமான ஒரு கன்றைத் தேர்ந்து அதை மட்டும் கவனமாக ஆராய வேண்டும். மேலே போகும் வாய்ப்பு அதற்குத்தான் அதிகம். அதன் நிலைமையே மற்றவற்றின் எதிர்காலத்தையும் ஓரளவு காட்டும். நேரம் குறைவாக இருந்தால், நூறு சிறுகன்றுகளை எண்ணுவதைவிட இத்தகைய பத்துக் கன்றுகளைப் படிப்பது மேல்.

முனையிலிருந்து தொடங்குங்கள். முனை மொட்டு முழுதாக இருக்கிறதா, கடிபட்டதா, காய்ந்ததா? பிறகு விரலால் தண்டை வருடியபடி கீழே வாருங்கள். பருவகாலம் தெளிவாக உள்ள நிலங்களில் வளரும் பீச் போன்ற மரங்களில், சென்ற ஆண்டு முனை மொட்டை மூடியிருந்த செதில்கள் உதிர்ந்த இடத்தில், தண்டைச் சுற்றி நெருக்கமான சிறு வளையங்கள் இருக்கும். நுனியிலிருந்து முதல் வளையம் வரை இந்த ஆண்டின் வளர்ச்சி. அங்கிருந்து அடுத்த வளையம் வரை சென்ற ஆண்டின் வளர்ச்சி. இப்படி ஐந்தாறு ஆண்டுகள் பின்னோக்கி அளந்துவிடலாம். இடைவெளிகள் 2, 2, 3, 9, 14 செ.மீ. என்று மேல் நோக்கி நீண்டுகொண்டே வந்தால், விதானம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் திறந்தது கன்றுக்குத் தெரிந்திருக்கிறது என்று பொருள். 11, 8, 4, 2 என்று சுருங்கிக்கொண்டே வந்தால், மேலே திறந்த வாசல் மூடிக்கொண்டிருக்கிறது. வெட்டுப் பதிவேட்டில் உள்ள ஆண்டோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும்போது கிடைக்கும் தெளிவு வேறெதிலும் கிடைப்பதில்லை. ஊசியிலை மரங்களில் கிளைகள் அடுக்கடுக்காகச் சுற்றி வருவதால் ஆண்டுகளைப் பிரித்தறிவது எளிது.

ஃபிர், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலைக் கன்றுகளில் இன்னொரு அறிகுறியும் உண்டு. நுனித் தண்டின் இவ்வாண்டு நீளம், அதற்கு அடுத்த பக்கக் கிளைகளின் நீளத்தைவிட அதிகமாக இருந்தால் கன்று உயர்ந்துகொண்டிருக்கிறது. பக்கக் கிளைகள் நீண்டு, நுனி குறுகி, கன்று விரித்த குடைபோல் தட்டையாகத் தெரிந்தால் அது வெளிச்சத்துக்காகக் காத்துக் கிடக்கிறது. நிழல் தாங்கும் வெள்ளி ஃபிர் இப்படிப் பல பத்தாண்டுகள் காத்திருந்து, வெளிச்சம் வந்ததும் எழக்கூடியது. எனவே குடை வடிவம் சாவின் அறிகுறி என்று எல்லா இனத்துக்கும் பொதுவாக எழுதிவிடக் கூடாது. வெளிச்சம் விரும்பும் இனம் ஒன்று அதே நிலையில் இருந்தால் அது பெரும்பாலும் பிழைக்காது.

வெப்பமண்டலத்தில் ஆண்டு வளையத் தழும்புகளை நம்ப முடியாது. அங்கே உயரத்தோடு தண்டடி விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். சால் கன்று பல ஆண்டுகள் மேல்தண்டு காய்ந்து சாவதும் மறுபடி வேரிலிருந்து துளிர்ப்பதுமாக இருந்து, வேர் போதிய அளவு தடித்த பிறகே நிலையாக உயரும், 30 செ.மீ. உயரமுள்ள கன்று ஒன்று உண்மையில் பல ஆண்டு வயதுள்ளதாக இருக்கலாம். அடித்தண்டு கட்டைவிரல் தடிமனாக இருந்து தண்டு மெலிந்திருந்தால் அந்தக் கதையை ஊகிக்கலாம். அதை முதல் ஆண்டுக் கன்றோடு சேர்த்து எண்ணுவது பெரிய பிழை.

வெளிச்சத்தைக் கருவி கொண்டும் அளக்கலாம், கண்ணாலும் மதிப்பிடலாம். உகாண்டாவின் காடுகளில் பணியாற்றிய வனவியலாளர் டாக்கின்ஸ் வகுத்த ஐந்து படிகள் இன்றும் பயன்படுகின்றன: மேற்புறமும் சுற்றிலும் முழுதாகத் திறந்த தலைக்கு (இலையும் கிளையும் விரிந்த மேற்பகுதிக்கு) 5, மேலிருந்து முழு வெளிச்சம் பெற்றால் 4, மேலிருந்து ஓரளவு என்றால் 3, பக்கவாட்டில் மட்டும் என்றால் 2, நேரடி வெளிச்சமே இல்லையென்றால் 1. இருவர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிட்டுப் பழகினால், சில நாட்களில் வேறுபாடு அரிதாகிவிடும்.

விலங்குகள் கடித்தவை

முனை கடிபட்ட கன்றுகளைத் தனியே எண்ண வேண்டும்; பக்கக் கிளை மட்டும் கடிபட்டது அவ்வளவு முக்கியமில்லை. கடந்த ஓராண்டில் கடிபட்டவையே கணக்கு. கடித்தது எது என்பது வெட்டைப் பார்த்தாலே தெரியும்: மானுக்கு மேல்தாடையில் முன்வெட்டுப் பற்கள் இல்லாததால் தண்டைப் பிடித்து இழுத்துக் கிழிக்கும், முனை நார்நாராக இருக்கும், முயல் கடித்தால் கத்தியால் சாய்வாக நறுக்கியதுபோல் இருக்கும். சுவிட்சர்லாந்தில் 10 முதல் 130 செ.மீ. வரையுள்ள கன்றுகளில் ஆண்டுக்கு முனை கடிபடும் விகிதத்துக்கு இனவாரியாக எல்லை வைத்திருக்கிறார்கள். வெள்ளி ஃபிருக்கு அது 9 விழுக்காடு, ஸ்புரூஸுக்கு 12 விழுக்காடு. அந்த எண்கள் அந்த மலைக்காடுகளின் வளர்ச்சி வேகத்தை வைத்து வந்தவை. வேறு நிலத்துக்கு அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது. ஆனால் எல்லை இனத்துக்கு இனம் மாறுகிறது என்ற கருத்து எங்கும் பொருந்தும். மெதுவாக உயரும் மரம் வாய்க்கெட்டும் உயரத்திலேயே நீண்ட காலம் நிற்கிறது. அதனால் அது குறைந்த கடியைத்தான் தாங்கும்.

கடி விகிதத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. மிகச் சிறிய கன்றை விலங்கு முழுதாகத் தின்றுவிட்டால் எந்தத் தடயமும் மிஞ்சாது. விருப்பமான இனம் ஒன்று அடியோடு தின்று தீர்க்கப்பட்ட காட்டில், மிஞ்சியவற்றின் கடி விகிதம் குறைவாகவே இருக்கும். அறிக்கையும் நலம் என்று சொல்லும். இதைக் கண்டுபிடிக்க வேலி ஒன்றே வழி. ஒரே மாதிரியான இரண்டு துண்டு நிலங்களைத் தேர்ந்து, எதற்கு வேலி என்பதைக் குலுக்கலில் முடிவுசெய்து, ஒன்றை மட்டும் அடைத்துவிட்டு, இரண்டையும் குறைந்தது ஐந்தாண்டுகள் ஒரே முறையில் அளக்க வேண்டும். வேலிக்குள் புல்லும் கொடியும் கூடத் தழைத்து வந்து கன்றுகளை அமுக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். வேலிக்குள் கன்று குறைவாக இருப்பதாலேயே விலங்குகள் நன்மை செய்கின்றன என்று முடிவு கட்டியவர்களும் உண்டு.

எண்களை எப்படிப் படிப்பது

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 40 ஹெக்டேர் காட்டில் 40 வட்டங்கள். 4 சதுர மீட்டர் வட்டங்களில் மொத்தம் 128 சிறுகன்றுகள். சராசரி வட்டத்துக்கு 3.2; ஹெக்டேருக்கு 8000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 128-ம் 14 வட்டங்களில் மட்டுமே இருந்தன. 26 வட்டங்கள் வெறுமை. கன்றுகள் தற்செயலாகப் பரவியிருந்தால், சராசரி 3.2 உள்ள இடத்தில் 40 வட்டங்களில் ஏறத்தாழ 38 வட்டங்களிலாவது ஒன்று இருந்திருக்க வேண்டும். 14-இல் மட்டும் இருப்பது, கன்றுகள் தாய்மரத்தடியிலோ திறந்த இடங்களிலோ திட்டுத்திட்டாகக் குவிந்து கிடக்கின்றன என்பதற்குச் சான்று.

வட்டத்துக்கு வட்டம் எண்ணிக்கை எவ்வளவு சிதறுகிறது என்பதைக் காட்டும் திட்டவிலக்கம் 6.0 என்று கொள்வோம். அதை 40-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சராசரியின் நிச்சயமின்மையைக் காட்டும் திட்டப்பிழை 0.95, அதன் இருமடங்கு 1.9. அதாவது ஹெக்டேருக்கு 8000 என்பதன் உண்மை மதிப்பு ஏறத்தாழ 3250-க்கும் 12750-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். இதை இருபது விழுக்காட்டுப் பிழைக்குள் கொண்டுவர 350 வட்டங்களுக்கு மேல் தேவைப்படும். அவ்வளவு உழைப்பைச் செலவிட்டு இந்த எண்ணைக் கூர்மையாக்குவதில் பயனில்லை என்பதையே நான் தொடக்கத்தில் சொன்னேன். அதே 40 வட்டங்களிலிருந்து நிறைவு விகிதம், அதாவது ஒரு கன்றாவது உள்ள வட்டங்களின் பங்கு, 35 விழுக்காடு என்று கிடைக்கிறது. அதன் எல்லை ஏறத்தாழ 20 முதல் 50 வரை. இதுவும் அகலமானதுதான். ஆனாலும் காட்டின் பெரும்பகுதித் தரை வெறுமையாக இருக்கிறது என்ற முடிவுக்கு இது போதும்.

நிறைவு விகிதத்தைச் சொல்லும்போது வட்டத்தின் அளவைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. வட்டம் பெரிதானால் விகிதமும் தானாக உயரும். அந்நாளைய மலாயாவில் 6.6 அடிச் சதுரத்தை, அதாவது ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கை, சிறுகன்றுகளுக்கு அலகாக வைத்துக்கொண்டதும், கன்று பெரிதாகப் பெரிதாகச் சதுரத்தையும் பெரிதாக்கியதும் இந்தக் காரணத்தால்தான். முதிர்ந்த மரத்தின் தலை 10 மீட்டர் அகலம் என்றால் அது ஏறத்தாழ 79 சதுர மீட்டரை மூடும். எனவே 100 சதுர மீட்டர் வட்டத்தில் விரும்பிய இனத்தின் நலமான பெருங்கன்று ஒன்று இருந்தாலே அந்த இடம் நிறைந்தது. அதே வட்டத்தில் ஐம்பது இருந்தாலும் கடைசியில் நிற்கப்போவது ஒன்றுதான்.

இப்போது கடந்து செல்லும் வேகத்துக்கு வருவோம். ஒரு இனத்தில் 50 முதல் 130 செ.மீ. வகுப்பில் ஹெக்டேருக்கு 900 கன்றுகள். படித்த கன்றுகளின் சராசரி வளர்ச்சி ஆண்டுக்கு 8 செ.மீ. என்றால் 80 செ.மீ. உயர 10 ஆண்டுகள் ஆகும். ஆக, யாவும் பிழைத்தால் ஆண்டுக்கு 90 கன்றுகள் மேல் வகுப்புக்குப் போக வேண்டும். மேல் வகுப்பிலோ ஹெக்டேருக்கு 40 மட்டுமே; அந்த வகுப்பைக் கடக்க 15 ஆண்டுகள் ஆகிறது என்று வைத்தால், ஆண்டுக்கு 3-க்கும் குறைவாகவே கடக்கின்றன. 90-க்கும் 3-க்கும் இடையில் ஏதோ நடக்கிறது. அது சாவாக இருக்கலாம். அல்லது அந்த 900 கன்றுகள் எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய வெட்டுக்குப் பின் வந்த புதிய அலையாக இருந்து, இன்னும் மேலே போக நேரம் வராததாகவும் இருக்கலாம். வெட்டுப் பதிவேடும் தண்டின் வளையத் தழும்புகளும் இல்லாமல் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது.

1898-இல் பிரான்சின் வனவியலாளர் டி லியோக்கூர், பல வயது மரங்கள் கலந்த காட்டில் விட்ட வகுப்பு உயர உயர மரங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைவதைக் காட்டினார். அந்த வளைகோட்டை எல்லா இனங்களையும் சேர்த்து வரைந்து, அழகாக இறங்குகிறது என்று திருப்திப்படுவது கலப்புக் காட்டில் மிக எளிதாக நேரும் தவறு. நிழல் தாங்கும் ஒரு இனத்தின் ஆயிரக்கணக்கான கன்றுகள் இடப்பக்கத்தையும், இனி கன்றே விடாத வேறொரு இனத்தின் பெருமரங்கள் வலப்பக்கத்தையும் நிரப்பிக்கொண்டு கோடு ஒழுங்காகவே தெரியும். இனத்துக்கொரு வளைகோடு போட்டால்தான் ஓட்டை தெரியும்.

தடை எங்கே என்று கண்டறிதல்

தாய்மரம் இருந்தும் முளையே இல்லையென்றால், முதலில் விதை ஆண்டு எப்போது வந்தது என்று பாருங்கள். விதை வந்தும் முளைக்கவில்லையென்றால் தரையைச் சோதிக்க வேண்டும்: சருகு எத்தனை செ.மீ., புல்லும் பெரணியும் மூங்கிலும் எவ்வளவு மூடியிருக்கின்றன, சருகுக்கு அடியிலுள்ள கனிம மண் எங்காவது தெரிகிறதா. பிர்ச் போன்ற சிறு விதை மரங்கள் தடித்த சருகின்மேல் விழுந்தால் வேர் மண்ணை எட்டாது. ஈரமான மலைக்காடுகளில் ஸ்புரூஸ் அழுகிய விழுமரங்களின் மேல் வரிசையாக முளைப்பதைக் காணலாம். அத்தகைய காட்டில் விழுந்த மரங்களையெல்லாம் அகற்றிவிட்டு, கன்று இல்லை என்று குறைசொல்வது பொருந்தாது.

முளை நிறைய, நடுக்கன்று இல்லை என்ற நிலைதான் அதிகம் காணப்படுவது. வெளிச்சக் குறைவா, விலங்கா? உயர்ந்த கன்றுகளின் முனை மொட்டு முழுதாக இருந்து, ஆண்டு வளர்ச்சி சுருங்கி, வெளிச்ச மதிப்பெண் 1 அல்லது 2 என்று இருந்தால் விதானத்தைத் திறக்க வேண்டும். வெளிச்சம் 3-க்கு மேல் இருந்தும் கன்றுகள் ஒரே உயரத்தில் புதராகக் கிளைத்து முனை சிதைந்திருந்தால், விதானத்தை எவ்வளவு திறந்தாலும் பயனில்லை. முள்ளும் களையும்தான் வரும். தாய்மரத்தடியில் மட்டும் குவிந்து, சில ஆண்டுகளில் அங்கேயே அழிவது பல இனங்களில் இயல்பு. சூழலியலாளர்கள் டேனியல் ஜான்சென் 1970-இலும் ஜோசப் கான்னல் 1971-இலும், அந்தந்த இனத்தையே தாக்கும் பூச்சிகளும் பிற எதிரிகளும் தாய்மரத்தின் அருகே மிகுந்திருப்பதை இதற்குக் காரணமாக முன்வைத்தனர். ஆகவே ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் அருகிலுள்ள அதே இனத் தாய்மரம் எத்தனை மீட்டர் தொலைவில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். தாய்மரத்திலிருந்து விலகிய சில கன்றுகள் அடியில் குவிந்த பலவற்றைவிட மதிப்புள்ளவையாக இருக்கலாம்.

பெருங்கன்று இருந்தும் கழிமரம் இல்லாதபோது வெட்டு முறையையே சந்தேகிக்க வேண்டியிருக்கும். பெருமரம் சாயும் திசையும் கட்டைகளை இழுக்கும் தடமும் ஒவ்வொரு முறையும் அதே கன்றுக் குழுக்களின் மேல் போகின்றனவா என்று தடங்களை வரைபடத்தில் வரைந்து பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

அடுத்த அளவீட்டுக்காக

சுவிட்சர்லாந்தின் கூவே காட்டில் 1890 முதல் வனவியலாளர் ஹென்றி பியோலே, குறிப்பிட்ட தடிமனுக்கு மேற்பட்ட எல்லா மரங்களையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே முறையில் அளந்து, முந்தைய அளவீட்டுக்குப் பிறகு அந்தத் தடிமனைப் புதிதாக எட்டியவற்றைத் தனியே கணக்கிட்டார். ஒருமுறை எடுக்கும் அளவீட்டால் கடந்து செல்லும் வேகத்தை ஊகிக்கத்தான் முடியும்; இரண்டாவது அளவீடுதான் அதை அளவாக்குகிறது. அதற்காக வட்ட மையங்களில் பத்தில் ஒன்றையாவது நிலையாக்க வேண்டும்: துருப்பிடிக்காத உலோகக் குச்சியைத் தரைமட்டத்துக்கு அடித்து, அருகிலுள்ள இரண்டு மரங்களிலிருந்து திசையும் தூரமும் குறித்து, நடுக்கன்று முதல் மேலுள்ள ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்த தகடு கட்டலாம். தகட்டுக் கம்பியைத் தளர்வாகக் கட்டாவிட்டால், அளக்க வந்த நாமே கன்றை நெரித்துக் கொல்வோம். மையத்துக்கு எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து நடந்து வருவதும், வட்டத்துக்குள் கால் வைக்காமல் எண்ணுவதும் குழுவின் கட்டாய விதியாக இருக்கட்டும்.

வெட்டுக்கு முன் ஒருமுறை, வெட்டிய பின் இரண்டாம் ஆண்டில் ஒருமுறை, பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்ற இடைவெளி பெரும்பாலான காடுகளுக்குப் பொருந்தும். ஒவ்வொரு முறையும் சராசரிகளை மட்டும் அட்டவணையில் ஏற்றிவிட்டுக் களத்தாள்களைத் தூக்கிப்போடாமல், சுழியம் எழுதிய தாள்களையும் சேர்த்து, வட்ட எண், நாள், அளந்தவர்கள், பயன்படுத்திய ஆரம், வகுப்பு எல்லைகள் ஆகியவற்றோடு பத்திரப்படுத்த வேண்டும். அடுத்து வருபவர் வேறொரு கேள்வியோடு வரும்போது அவருக்குத் தேவைப்படுவது அந்தத் தாள்கள்தான்.